தாமாக விலகியவர்கள்

துமினியின் வீட்டு முன்சுவரில், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே, தெருவில் போகிறவன் நின்று படிக்கிற அளவில் எழுதியிருந்தார்கள்: ‘ஏழைக் குடும்பம். அரசு உதவி பெறுகிறது.’ தகரத்தில் எழுத்துகளை வெட்டி, சுவரில் ஒட்டிப் பிடித்து, கறுப்புச் சாயத்தைப் பீய்ச்சி அடித்த எழுத்து. கண் மங்கியவன்கூட எட்டத்திலிருந்தே படித்துவிடலாம். அதற்கு அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: ‘இதை அழிப்பவரும் மறைப்பவரும் உதவியிலிருந்து தாமாக விலகியவராகக் கருதப்படுவர்.’ அதைப் படிக்க மட்டும் கிட்டே போகவேண்டும்.

மாவட்டத்தில் யாரோ ஒரு புத்திசாலி உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வழி இது. வசதியுள்ளவர்கள் பொய் சொல்லி ஏழைப் பட்டியலில் புகுந்துகொண்டார்களாம். வீட்டுச் சுவரில் ‘ஏழை’ என்று எழுதிவிட்டால் வெட்கம் தாங்காமல் அவர்களே ஓடிவிடுவார்களாம். வெட்கம் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று அந்தப் புத்திசாலி ஒரு தடவை தெருவில் இறங்கி விசாரித்திருக்கலாம்.

துமினியின் கெடுங்வாரு கிராமத்திலேயே கார்த்தோவின் வீட்டிலும் அதே எழுத்து இருந்தது. கார்த்தோவுக்கு நெல் அரைக்கும் ஆலை உண்டு, இரண்டு லாரி உண்டு, கிராமத் தலைவர் அவருடைய மைத்துனர். எழுத்துக்கு நேர் முன்னால் ஒரு புறாக்கூண்டைத் தொங்கவிட்டுவிட்டு அவர் நிம்மதியாக இருந்தார். யாராவது கிண்டல் செய்தால், “செவுரு என்னைய ஏழைன்னு சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். செவுத்துக்கா பசிக்கப் போகுது?” என்று சிரிப்பார். கூண்டு எழுத்தை மறைக்கிறதே என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அது மறைப்பதில்லை, தொங்குகிறது.

துமினி அப்படியில்லை. சாயம் அடித்த அன்று அவள் வீட்டுக்குள் போனவள் இருட்டும்வரை வெளியே வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. அரிசியும் மாதப்பணமும் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். அப்பளப் பட்டறையில் வெயிலில் அப்பளம் காயவைத்து அரைவயிறாவது கழுவிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டியலோடு சேர்ந்துதான் ஆஸ்பத்திரி கார்டு வந்தது. அவள் புருஷன் பார்ஜோ அந்தக் கார்டில்தான் உயிரோடு இருந்தான்.

பார்ஜோ செங்கல் சூளையில் சுமை தூக்கியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் மினிபஸ் ஏறி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருவான். காசு கொடுத்துச் செய்தால் ஒரு தடவைக்கே வீட்டுச் சாமான்களை விற்கவேண்டும். “ரெண்டு வாரம் விட்டீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க” என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதனால் துமினி சுவரைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழையப் பழகிக்கொண்டாள்.

அவர்களுடைய ஒரே மகள் ரெத்னோ. நகரத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை. கடைக்கு வந்துபோன விஸ்னு என்ற பையனுக்கு அவளைப் பிடித்துப்போய், அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். விஸ்னுவின் அம்மா எண்டாங் நகரத்துக் கடைத்தெருவில் சிமெண்ட், பெயிண்ட், ஓடு விற்கும் பெரிய கடைக்குச் சொந்தக்காரி. மாமனாராக வரப்போகிறவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்பது அவர்களுக்குத் தெரியும். வைத்தியத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பது தெரியாது.

ரெத்னோ அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு வார்த்தினிதான் வழி சொன்னாள். அவளும் இல்லாதப்பட்டவள்தான். அடிக்கடி வலிப்பு வரும் மகனை வைத்துக்கொண்டு, பட்டியலில் இடமில்லாமல் மூன்று வருஷமாக அலைந்துகொண்டிருந்தவள். ஒருவர் போனால்தான் இன்னொருவர் வரலாம் என்பது கணக்கு.

“அக்கா, நாம அழிக்கவும் வேணாம், மறைக்கவும் வேணாம். பொண்ணு கேக்க வர்ற வீட்டுல இப்பல்லாம் பூ அலங்காரம் வைக்கிறாங்கல்ல? துணிய மடிப்பு மடிப்பாத் தொங்கவிட்டு, பேரெல்லாம் எழுதி, முன்னால நின்னு போட்டோ எடுக்கிறது. அத நம்ம செவுத்துல வெச்சிடுவோம். அலங்காரத்த யாரு கேக்கப் போறாங்க?”

“யாராச்சும் கேட்டா?”

“கார்த்தோவோட புறாவக் கேட்டாங்களா?”

துமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பயப்படுவது கஷ்டம். சரி என்றாள்.

அவர்கள் பெண் கேட்டு வந்த நாளில் தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் கூப்பிடாமலே வந்து, கூலி பேசாமல் சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருத்தி தேங்காய் துருவினாள், ஒருத்தி ஒட்டரிசியை வெல்லப்பாகில் கிண்டினாள், ஒருத்தி எல்லோரையும் அதட்டினாள். வார்த்தினி நாற்காலிமேல் ஏறி வெள்ளைத் துணியைச் சுவரில் அடித்தாள். காகிதப் பூக்கள் வந்தன. நடுவில் ‘ரெத்னோ – விஸ்னு’ என்று தங்கநிறத்தில் மின்னியது. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த சுவர், கல்யாண வீட்டுச் சுவர்போலவே ஆகிவிட்டது. துமினி தெருவில் இறங்கி நின்று பார்த்தாள். தன் வீடு இவ்வளவு அழகா என்று நினைத்தாள்.

எண்டாங் இரண்டு காரில் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினாள். பருத்த உடம்பு, சிரித்த முகம், யாரையும் தட்டிக்கொடுத்துப் பேசும் சுபாவம். கெட்டவள் என்று யாரும் சொல்லமுடியாது. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஊரைச் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் பெண்ணைக் கேட்டார். ஊசி ஏறி ஏறி நரம்பு புடைத்துப்போன கையை முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, பார்ஜோ தலையசைத்தான். ரெத்னோவின் விரலில் மோதிரம் ஏறியது. கல்யாணத்தைப் பெசார் மாதத்துக்குள் வைத்துவிடவேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்து வரும் சுரோ மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் செய்யமாட்டார்கள். ஆக, கையில் இருந்தது ஒரு மாதத்துக்கும் கொஞ்சம் அதிகம்.

சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே எண்டாங் பேச்சை எடுத்தாள்.

“எங்க தெருவுல ரெண்டு வீட்டுல ஏழைன்னு எழுதி வெச்சிருக்காங்க சம்பந்தியம்மா. கல்லு மாதிரி ஒடம்பு. மாசம் பொறந்தா கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நாங்க வரி கட்டுறது இவங்க ஒக்காந்து திங்கவா? உங்க வீட்டப் பாருங்க. சின்ன வீடுதான். ஆனா மானமா இருக்கீங்க. எனக்கு அதுதான் புடிச்சிருக்கு.”

“ஆமாங்க” என்றாள் துமினி.

பெரியவர்கள் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. சின்ன வயதிலேயே அந்தச் சொல்லை நாக்கிலிருந்து கழற்றி எடுத்துவிடுவார்கள். மனதுக்குள் எவ்வளவு மறுத்தாலும் வாய் பணிவாக ஆமாம் போட்டுவிடும். அன்றைக்கு அதனால் ஒரு நஷ்டமும் வரவில்லை. எல்லோரும் அலங்காரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பலகாரக் கூடையோடு கார் ஏறினார்கள். இருட்டுவதற்குள் துணியைக் கழற்றிவிட்டார்கள். எழுத்து பழையபடி தெருவைப் பார்த்தது.

எண்டாங்கின் தங்கை மகள் அன்றே போட்டோக்களைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். வாழ்த்து மேல் வாழ்த்து. வாழ்த்துகளோடு சேர்ந்து அந்தப் படம் யார் யார் கைக்கோ போய், மாவட்ட அலுவலகத்தையும் எட்டியது. சுவரும் ஜன்னலும் அதேதான். எழுத்துத்தான் இல்லை.

உதவித் திட்டத்துக்காகக் கிராமத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் யூலி, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மூச்சுவாங்க ஓடிவந்தாள். சின்ன வயசு, நல்ல மனசு, அலுவலகத்தில் சொல்வாக்கு எதுவும் இல்லாதவள்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? உங்க பேர வெலகினவங்க பட்டியல்ல போட்டுட்டாங்க.”

துமினி சுவரைக் கையால் காட்டினாள். “ஒரே ஒரு பொழுது கட்டுன துணி பாப்பா. எடுத்துட்டோமே. வந்து பாக்கச் சொல்லு.”

“பாக்கமாட்டாங்கம்மா. ஆனா ஒரு வழி இருக்கு. கேளுங்க. வியாழக்கிழமை கிராமக் கூடத்துல கூட்டம். வெலகினவங்களக் கூப்பிட்டுப் பாராட்டப் போறாங்களாம். மேடையில ஒவ்வொருத்தரையா ‘தானாத்தான் வெலகுனீங்களா’ன்னு கேப்பாங்க. சட்டப்படி கேட்டாகணும். அப்ப ‘இல்ல, அது பொண்ணு விசேஷத்துக்கு வெச்ச அலங்காரம், நான் வெலகல’ன்னு சொல்லிடுங்க. அந்த ஒரு வார்த்த போதும். அங்கேயே நான் பேர அடிச்சிடுறேன்.”

“அத்தன பேரு முன்னாலயா?”

“உங்க வீட்டுக்காரர் மெஷின நெனச்சுக்கங்கம்மா. வேற ஒண்ணும் நெனைக்காதீங்க.”

அந்த வார்த்தையைத் துமினி பட்டறையில் அப்பளம் புரட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். கிணற்றடியில் சொல்லிப் பார்த்தாள். ‘இல்லைங்க, நான் விலகல.’ முதலில் நாக்கு புரளவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. புதன்கிழமை பார்ஜோவிடம் ஒப்பித்தும் காட்டினாள்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லு, ரெத்னோ அம்மா. மைக்கு இருக்குன்னு முணுமுணுக்காத” என்றான் அவன்.

“நீங்க வேணா வந்து சொல்லுங்களேன்.”

“நான் எதுக்கு? நான் வெறும் சிறுநீரகம். குடும்பத் தலைவி நீதானே.”

வியாழக்கிழமை கிராமக் கூடத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி பரப்பியிருந்தார்கள். ‘வறுமைக்கு விடைகொடுத்த குடும்பங்களுக்குப் பாராட்டு’ என்று பேனர். விடைகொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வரும். ஒரு கிழவர், எழுத்துக்கு முன்னால் விறகை அடுக்கியவர். ஒரு விதவை, ஜன்னல் கம்பியிலிருந்து சோளக்கதிர்களைக் காயத் தொங்கவிட்டவள். இன்னொருத்தியின் வீட்டு மண்சுவர் மழையில் எழுத்தோடு சேர்ந்து பெயர்ந்து விழுந்துவிட்டது. அவளும் தாமாகத்தான் விலகினாளாம். நாலாவது துமினி. முன்வரிசையில் கார்த்தோ, இஸ்திரி போட்ட சட்டையோடு, எல்லோருக்கும் முன்னால் கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

துமினி அந்த வார்த்தையை உள்ளுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு கார் வந்து நின்றது. எண்டாங் இறங்கினாள். பின்னாலேயே அவள் கடைப் பையன்கள் வெள்ளைப் பெயிண்ட் டப்பாக்களை இறக்கினார்கள். விலகியவர்கள் வீட்டுச் சுவரில் எழுத்தை அழித்துப் புதுப்பூச்சு பூச, எண்டாங்கின் கடை இலவசமாகப் பெயிண்ட் கொடுக்கிறதாம். அதற்காக அவள் சிறப்பு விருந்தாளி.

துமினி எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் எண்டாங்கின் பார்வை அவள்மேல் விழுந்துவிட்டது. முதலில் அந்த முகம் குழம்பியது. நாற்காலியையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஒரு பெரிய சிரிப்பு மலர்ந்தது. எண்டாங் மேடையேறி, மாவட்ட அதிகாரியின் கையிலிருந்த மைக்கை உரிமையோடு வாங்கிக்கொண்டாள்.

“இவங்க என்னோட சம்பந்தி! எனக்கே இப்பத்தான் தெரியுது. இவங்க வீட்டுச் செவுத்துலயும் எழுதியிருந்தாங்களாம். பொண்ணு கேட்டுப் போறதுக்குள்ள வேணாம்னு தூக்கி எறிஞ்சிருக்காங்க! இதுதாங்க தன்மானம். இந்த வீட்டுப் பொண்ணு என் வீட்டுக்கு வர்றதுல எனக்கு எவ்வளவு பெரும தெரியுமா?”

கூட்டம் கைதட்டியது. அதிகாரி மைக்கைத் துமினியின் வாயருகே நீட்டினார்.

“அம்மா, நீங்க தானா முன்வந்துதானே வெலகுனீங்க?”

யூலி மேடையோரத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை, இல்லை என்று கண்ணாலேயே சொல்லிக்கொடுத்தாள். துமினிக்கு எல்லாம் தெரிந்தது. ‘இல்லை’ என்றால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. எழுத்தைத் துணி போட்டு மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிடப் பார்த்த குடும்பம் என்று ஊர் முன்னால் ஆகும். மோதிரம் திரும்பிப் போகும். ரெத்னோ சுவரைப் பார்த்தபடி நின்றாளே, அதே மாதிரி வாழ்நாள் முழுக்க நிற்பாள். மெஷினை நினைத்துக்கொள்ளத்தான் துமினி பாடுபட்டாள். மகள் முகம்தான் வந்தது.

“ஆமாங்க” என்றாள். மைக்கில் நன்றாகவே கேட்டது.

எண்டாங் அவளைக் கட்டிக்கொண்டாள். சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். கார்த்தோ எழுந்து நின்றே கைதட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்ஜோவின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். அழுகைகூட வரவில்லை. “நான் உங்கள வித்துட்டேங்க” என்றாள்.

பார்ஜோ சான்றிதழை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, “அரிசி நிக்கும், பணம் நிக்கும். ஆஸ்பத்திரி கார்டு வேற கணக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றான்.

“நெசமாவா?”

“நாளைக்குத்தான் போறேனே. பாத்துட்டா போச்சு.”

வெள்ளிக்கிழமை போனான். சாயங்காலம் விசில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தான். “பாத்தியா? கார்டு ஓடுது. நர்ஸு ஊசி குத்துறப்ப கேட்டா, என்ன பெரியவரே பொண்ணுக்குக் கல்யாணமாமேன்னு.” துமினி அவனை நம்பினாள். நம்பத்தான் அவளுக்கு ஆசை. அன்று தொழுதுவிட்டு வெகுநேரம் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

ஆள் வந்து சுவரில் வெள்ளை அடித்துவிட்டுப் போனான். அதே ஆள் மறுவாரம் வார்த்தினி வீட்டுச் சுவரில் கறுப்பு அடித்தான். வார்த்தினி மகன் மருந்துக்கு வழி பிறந்ததே என்று சந்தோஷப்படவும் முடியாமல், துமினியின் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் திண்டாடினாள். ஒருநாள் வழியில் மடக்கி, “அக்கா, சத்தியமா இதுக்காக அந்த யோசன சொல்லலக்கா” என்றாள்.

“தெரியும்டி. புள்ளைக்கு மருந்த வேளா வேளைக்குக் குடு” என்றாள் துமினி. மனதாரத்தான் சொன்னாள். சொன்ன பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

கல்யாண வேலைகள் நடந்தன. எண்டாங் பந்தலுக்கு ஆள் அனுப்பினாள், துணி எடுத்து அனுப்பினாள், எது செய்தாலும் தன்மானமுள்ள சம்பந்தி என்று நாலு பேரிடம் சொன்னாள். பார்ஜோ மட்டும் சோர்ந்துகொண்டே வந்தான். முதலில் செருப்பு இறுகியது. அப்புறம் கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுந்து, விழுந்த குழி எழும்பாமல் அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான். இரண்டு வருஷமாக அந்த உடம்பைப் பார்த்து வருகிற துமினிக்குச் சந்தேகம் தட்டியது. மெஷினில் படுத்து எழுந்த உடம்பு இப்படி ஊதாது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவன் மினிபஸ் ஏறிப் போன பிறகு, அவள் யூலியைத் தேடிப் போனாள். பார்த்ததுமே யூலியின் முகம் செத்துவிட்டது.

“அம்மா, நானே வரணும்னு இருந்தேன். எனக்கு வரத் தைரியமில்ல.”

“கார்டு?”

“கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே நின்னுடுச்சும்மா. எல்லாம் ஒரே பட்டியல்தான். மறுநாளே ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பியிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?”

துமினி பக்கத்திலிருந்த பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “திரும்பப் போடு பாப்பா. நான் ஏழைதான். வேணும்னா நெத்தியில எழுது. இந்தா, எழுது.”

“உங்க எடம் வார்த்தினி அக்காவுக்குப் போயிடுச்சும்மா. தானா வெலகினவங்க ரெண்டு வருசத்துக்குத் திரும்பக் கேக்க முடியாது. மேல எழுதிப் போட்டேன். ‘மைக்கில் ஒப்புக்கொண்டார்’னு பதில் வந்துச்சு.”

“கார்த்தோ இருக்காரே? ரெண்டு லாரி வெச்சிருக்கவர் இருக்காரே?”

யூலி தலையைக் குனிந்துகொண்டாள். “அவர் வெலகலையேம்மா.”

துமினி நேரே நகரத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்குள் போய்த் தேட அவசியமே இல்லாமல், எதிரே பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சியில் பார்ஜோ உட்கார்ந்திருந்தான். கையில் பெரிய கண்ணாடி டம்ளர் நிறையச் சர்க்கரை போட்ட டீ. தண்ணீரை அளந்து குடிக்கவேண்டிய ஆள், தாகம் எடுத்தால் ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு கிடந்த ஆள், அதை ரசித்து ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் டம்ளரை மறைக்கப் போய், அப்புறம் மறைக்காமல் விட்டான்.

“வா. ஒக்காரு. நல்ல டீ” என்றான்.

“எத்தன நாளா இங்க ஒக்காந்திருக்கீங்க?”

“அதே நாளுங்கதான். செவ்வா, வெள்ளி. மத்த நாளுல வீட்டுலதானே இருக்கேன்.”

“வெளையாடாதீங்க!” துமினி கத்திவிட்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இனி வெட்கப்பட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. “நான் போயி சம்பந்தியம்மா கால்ல விழுறேன். அவங்க நெனச்சா கட்ட முடியும்.”

“விழு. ஒரு மாசம் கட்டுவாங்க. ரெண்டு மாசம் கட்டுவாங்க. அப்புறம்? எல்லாத்தையும் மறச்சு ஏமாத்துனீங்களேன்னு கல்யாணம் நிக்கும். ரெத்னோவப் பத்தி உனக்குத் தெரியாதா? மோதிரத்தக் கழட்டி வெச்சிட்டு, மறுநாளே ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் பேரு குடுப்பா. எவ வீட்டுக் கிழவிக்கோ மூத்திரம் அள்ளி எனக்கு மெஷினுக்குக் காசு அனுப்புவா. அந்தக் காசுல படுத்துக்கிட்டு நான் என்னத்தப் பாக்கப் போறேன்?”

“நான் அன்னைக்கு அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா…”

“நானா இருந்தாலும் ஆமாங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.” அவனுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினான். “கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியக்கூடாது. நீயும் வாயத் தொறக்கக்கூடாது.”

“இந்தப் பாவத்துல என்னக் கூட்டு சேக்காதீங்க. கும்புட்டுக் கேக்கறேன்.”

துமினி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாவட்டத்து அதிகாரியைத் திட்டினாள், எண்டாங்கைத் திட்டினாள், தன் நாக்கைத் திட்டினாள். டீக்கடைக்காரர் வந்து ஒரு டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். வாசலில் பந்தற்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். தெருப் பெண்கள் பின்கட்டில் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. பார்ஜோ வழக்கம்போல முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். செருப்புக்குள் கால் நுழையவில்லை. குனிந்து, வாரை அவிழ்த்து, திரும்பவும் முயன்றான். கல்யாணப் புடவைத் துணியைத் தோளில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்த ரெத்னோ அதைக் கவனித்துவிட்டாள்.

“அப்பா, கால் என்ன இப்படி வீங்கியிருக்கு? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

பார்ஜோ வாயைத் திறந்தான். மூச்சு வந்தது, பேச்சு வரவில்லை. ரெத்னோ துணியைக் கீழே வைத்துவிட்டு அவனருகே வந்தாள். அவன் மனைவியைப் பார்த்தான்.

“காட்டிட்டாரும்மா” என்றாள் துமினி. “மாத்திரை குடுத்திருக்காங்க. கல்யாணத்துக்குள்ள வத்திடுமாம்.”

ரெத்னோவின் முகம் தெளிந்தது. துமினி சோற்றுப் பொட்டலத்தைப் பையில் வைத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் பாரத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு மெல்ல ரோட்டுவரைக்கும் நடத்திக் கூட்டிப் போனாள். மினிபஸ் வந்ததும் அவனைத் தூக்கி ஏற்றிவிட்டு, வாசலில் நிற்கும் மகளுக்குக் கேட்கும்படி கண்டக்டரிடம் உரக்கச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி விட்டுடுப்பா. மெஷினுக்கு நேரமாகுது.”